தாலிபுன், வான்டோக், பாடு

போன ரமலானுக்கு முந்தின வாரம் மச்சானிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. லாத்தா (அக்கா) வீட்டு மச்சான் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார், அந்தத் தடவை மரத்தடிகளை ஏற்ற பப்புவா நியூ கினிக்குப் போயிருந்தார்கள், வேவாக் என்ற ஊருக்கு எதிரே கப்பல் நங்கூரம் போட்டுக் கிடந்தது. போட்டோவில் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய அளவுக்கு ஒரு பெரிய உருண்டைச் சிப்பி, வாய்ப்பக்கம் உள்ளே முத்து மாதிரி மினுமினுப்பு, அதன் மேல் நாரால் பின்னிக் கட்டிய ஒரு முகம், கண்ணும் மூக்குமாக, நம்மையே பார்க்கிற மாதிரி. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "டேய், இதைக் கல்யாணத்துல பொண்ணு வீட்டுக்குக் கொடுப்பாங்களாம்டா. பேரு தாலிபுன்னு சொல்றான். வாப்பாட்ட காட்டு, என்ன சிப்பின்னு கேளு."

வாப்பா கீழக்கரையில் முப்பது வருஷத்துக்கு மேல் சங்கு குளித்தவர்கள். கடல் தெளிந்த மாதங்களில் சங்கு, மற்ற மாதங்களில் வலை. போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, ரொம்ப நேரம் பார்த்தார்கள். "இது நம்ம கடல் சாமான் இல்ல. ராமேஸ்வரத்துக் கடைகள்ல தொங்குமே, அது. அந்தமான் பக்கத்துலேர்ந்து வரும்" என்றார்கள். அப்புறம் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சிப்பிக்கு ஏன் முகம் வெச்சிருக்கான்?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஒரு கேள்விதான் என்னை இத்தனை மாதமாகப் பிடித்து வைத்திருக்கிறது, அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் பெயர். தாலிபுன் என்றதும் நம் காது "தாலி" என்ற இடத்தில் நின்றுவிடும், அதுவும் கல்யாணச் சாமான் என்று சேர்ந்து வந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் அது வெறும் ஒலி ஒற்றுமை, தமிழுக்கும் அந்தச் சொல்லுக்கும் எந்த உறவும் கிடையாது, இதை வைத்துக் குமரிக்கண்டம் வரை யாரும் போக வேண்டாம். அந்தச் சொல் அங்கே நாடு முழுக்கப் புழங்குகிற டோக் பிசின் மொழியில் உள்ளது. அந்தச் சாமானோ வேவாக்குக்குப் பின்னால் உள்ள மலையடிவாரத்தில், யாங்கோரு பக்கத்து மக்களுடையது. அவர்கள் பேசுகிற மொழிக்குப் பெயர் போய்கின். போய்கென் என்றும் எழுதுகிறார்கள், பழைய புத்தகங்களில் இன்னும் வேறு பெயர்களும் உண்டு.

மேப்பை எடுத்துப் பாருங்கள். நியூ கினித் தீவின் வடகரையில் வேவாக், கிழக்கு செபிக் மாகாணத்தின் தலைநகர். ஊருக்கு வடமேற்கே கடலுக்குள் வாலிஸ், தாராவாய் என்று இரண்டு சின்னத் தீவுகள். கரையை ஒட்டி உள்ளே பிரின்ஸ் அலெக்சாண்டர் மலைத்தொடர், அதைத் தாண்டித் தெற்கே இறங்கினால் யாங்கோரு, இன்னும் தெற்கே புல்வெளி, அதற்கும் அப்பால் பெரிய செபிக் ஆறு. தீவு, கரை, மலை, புல்வெளி என்று நான்கு விதமான நிலத்திலும் இந்த மொழி பேசுகிறார்கள். நமக்கு ஒரு நெய்தல்காரனும் ஒரு குறிஞ்சிக்காரனும் ஒரே பேச்சுக்குள் இருப்பது அதிசயமாகப் படாது, ஆனால் 800க்கு மேல் மொழிகள் உள்ள ஒரு நாட்டில், ஒரு மலை ஏறி இறங்கினால் பேச்சு மாறிவிடுகிற இடத்தில், இது சாதாரண விஷயம் இல்லை. அங்கே பல மொழிகளுக்கு ஆயிரம் பேர் கூடத் தேறுவதில்லை. போய்கின் பேசுபவர்கள் இருபது வருஷத்துக்கு முந்தைய கணக்கிலேயே 30,000க்கு மேல், அந்த நாட்டுக் கணக்கில் இது பெரிய மொழி.

கடலில் இருந்து மலைக்கு ஏறிக்கொண்டே இருந்தது என்ன தெரியுமா, சிப்பிதான். சிப்பியில் செய்த வளையங்கள் தீவுகளிலிருந்தும் கரையிலிருந்தும் கை மாறிக் கை மாறி மலைக்குள் போயின, மலையில் அவை செல்வம். பெண் கேட்கப் போகும்போது வளையம், சண்டை தீர்ந்து சமாதானம் ஆகும்போது வளையம். யாங்கோரு மக்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கும் மானிடவியலாளர் பால் ரோஸ்கோ, அங்கே பெரிய மனிதர் ஆவதற்கு வள்ளிக்கிழங்கு வகையான யாம் கிழங்கையும் பன்றியையும் எதிராளிக்குக் கொடுத்துக் கொடுத்து ஜெயிக்க வேண்டியிருந்தது என்று விவரிக்கிறார். வாங்கிச் சேர்ப்பவன் பெரியவன் இல்லை, கொடுத்துத் திணறடிப்பவன்தான் பெரியவன். கடலே கண்ணில் படாத மலையடியில் கடல் சாமான் மதிப்பின் அளவுகோலாக இருந்திருக்கிறது.

இதை வாப்பாவிடம் சொன்னபோது அவர்களுக்கு உடனே புரிந்தது. நம் சங்கும் அப்படித்தானே. கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் ராமேஸ்வரத்திலும் குளித்து எடுத்த சங்கு கல்கத்தாவுக்குப் போகும், அங்கே அதை வட்டமாக அறுத்து வளையல் செய்வார்கள், வங்காளத்தில் கல்யாணமான இந்துப் பெண்களின் கையில் அந்த வெள்ளை வளையல் இருக்கும். எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கருகமணி, சங்கு வளையல் கிடையாது. வாப்பா ஆயிரக்கணக்கில் சங்கு எடுத்திருப்பார்கள், ஒரு வளையலைக் கூட ஒரு கையில் பார்த்ததில்லை. அழகன்குளத்தில் தோண்டியபோது சங்கு வளையல் துண்டுகள் கிடைத்திருக்கின்றன, அப்படியென்றால் இந்தத் தொழில் நம் கரையில் எத்தனை பழையது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் சங்கு வங்காளம் போய்ச் சேரும்போது பேச்சு இரண்டு மூன்று தடவை மாறிவிடும், குளித்தவன் பேச்சு ஒன்று, அணிபவள் பேச்சு வேறு. தாராவாயில் இருந்து யாங்கோரு வரைக்கும், பேச்சு இடத்துக்கு இடம் எவ்வளவு திரிந்திருந்தாலும், எடுத்தவனும் வாங்கினவனும் ஒரே மொழியின் இரண்டு முனைகளில் இருந்தார்கள்.

அந்த மொழி எப்படிப்பட்டது என்று தேடினேன். போய்கின் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது, குடும்பத்துக்குப் பெயர் ண்டூ. செபிக் ஆற்றங்கரை இயாட்முல், மனாம்பு, வடக்கே அம்புலாஸ் எல்லாம் அக்கா தங்கச்சிகள். 1965இல் டொனால்ட் லேக்காக் என்ற ஆஸ்திரேலிய மொழியியலாளர் இந்தக் குடும்பத்தை ஒன்றாக வைத்து ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். ண்டூ என்றால் அந்த மொழிகளில் ஆள், மனிதன். குடும்பத்துக்கே "ஆள்" என்று பெயர் வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. ஃபிராய்டன்பர்க் என்பவர் எழுபதுகளில் போய்கின் இலக்கணத்தையும் அதன் வட்டார வழக்குகளையும் பற்றி எழுதியிருக்கிறார். வினை கடைசியில்தான் வரும், தமிழ் மாதிரி.

இந்தக் குடும்பத்து மொழிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது "நீ" என்ற சொல். ஆணைப் பார்த்துச் சொல்லும் "நீ" வேறு, பெண்ணைப் பார்த்துச் சொல்லும் "நீ" வேறு. நாம் "அவன்", "அவள்" என்று பிரிப்போம், நேரில் நிற்பவரை மட்டும் "நீ" என்று ஒன்றாக வைத்துவிடுவோம். அப்படியா என்று யோசித்தால், இல்லை, நாமும் பிரிக்கத்தான் செய்கிறோம், "வாடா", "வாடி" என்று. கடற்கரையில் வலை இழுக்கும்போது "புடிடா" என்பதும் வீட்டுக்குள் "எடுடி" என்பதும் அந்த "நீ"யைப் பிரிக்கிற வேலைதான். அவர்கள் அதை மரியாதைக் குறைவு இல்லாமல் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, ஒருமை பன்மை போக இருவருக்கென்று தனியாக ஒரு எண். "நாங்கள் ரெண்டு பேரும்" என்று நாம் மூணு சொல்லில் சொல்வதை ஒரே சொல்லில் சொல்வார்கள். கடலுக்குள் இறங்குகிறவன் ஒருத்தன், மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் ஒருத்தன், சங்கு குளிப்பு எப்போதும் ரெண்டு பேர் வேலை. அந்த ரெண்டு பேருக்கென்று ஒரு தனிச் சொல் வாப்பாவுக்கு இருந்திருந்தால் தினமும் பயன்பட்டிருக்கும்.

இவர்கள் ஆதியில் கடற்கரை மக்கள் இல்லை என்பதுதான் ஆராய்ந்தவர்கள் கருத்து. தெற்கே செபிக் சமவெளியிலிருந்து தலைமுறை தலைமுறையாக வடக்கே நகர்ந்து, மலையைப் பிடித்து, கரைக்கு இறங்கி, அதன் பிறகு கடல் தாண்டித் தீவையும் பிடித்திருக்கிறார்கள். போய்கின் என்பதே வேவாக்குக்கு மேற்கே கரையில் உள்ள ஓர் ஊரின் பெயர். வெளியாட்கள் முதலில் வந்து இறங்கியது கரையில், அதனால் கரையூர்ப் பெயரே மலையில் இருப்பவனுக்கும் மொழிப் பெயராகிவிட்டது. மலையடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியிடம் உன் மொழிக்குப் பெயர் இதுதான் என்று கடற்கரை ஊர் ஒன்றின் பெயரைச் சொன்னால் எப்படி இருந்திருக்கும்? பாம்பன்காரரைப் பார்த்து நீங்கள் பேசுவது தொண்டி என்று சொல்வது போல.

அந்த மண் பட்டது கொஞ்சமில்லை. முதலில் ஜெர்மானியர், அப்புறம் ஆஸ்திரேலியர், நடுவில் ஜப்பானியர். இரண்டாம் உலகப் போரில் வேவாக் ஜப்பானியரின் பெரிய தளம், 1945 செப்டம்பர் 13 அன்று வேவாக்குக்குப் பக்கத்தில் வோம் முனையில்தான் ஜெனரல் அடாச்சி சரணடைந்தார். சிங்கப்பூரில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களையும் ஜப்பானியர் 1943இல் ஆயிரக்கணக்கில் அங்கே கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள், பெரும்பாலோர் பசியிலும் நோயிலும் அங்கேயே செத்துப்போனார்கள். நான் இதைப் படிக்கும் வரை கேள்விப்பட்டதே இல்லை. மச்சானுக்குச் சொன்னேன், அவர் கப்பலின் மேல்தளத்திலிருந்து அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இன்னொன்று, 1971. யாங்கோருவுக்கு மேலே துரு என்று ஒரு மலை, மக்களுக்குப் புனிதமானது. நில அளவைக்காரர்கள் அதன் உச்சியில் சிமெண்டு அடையாளக் கற்களைப் பதித்திருந்தார்கள். அந்தக் கல் இருப்பதால்தான் மண் விளைவது நின்றது, வேட்டை குறைந்தது என்று மக்கள் நம்பினார்கள். மத்தியாஸ் யாலிவான் என்பவர் தலைமையில் ஜூலை 7ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் மலையேறி, அந்தக் கற்களைப் பிடுங்கிக் கீழே கொண்டுவந்தார்கள். வெளியுலகம் இதை வினோதச் செய்தியாகப் படித்தது. அடுத்த வருஷமே யாங்கோரு மக்கள் அதே யாலிவானைத் தேர்தலில் ஜெயிக்க வைத்துச் சபைக்கு அனுப்பினார்கள். நான் அதை வினோதமாகப் பார்க்கவில்லை. உன் மலையில், உன்னைக் கேட்காமல், உன் மொழியில் பெயரே இல்லாத ஒரு பொருளை வேறொருவன் புதைத்துவிட்டுப் போகிறான், அப்புறம் விளைச்சல் குறைகிறது. யாரைக் கேட்பாய்?

சரி, இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். மச்சானிடம் அந்தச் சிப்பியைக் காட்டினவர் வேவாக்கில் மரம் ஏற்றும் வேலைக்குப் படகில் வந்து போகிறவர். மச்சானுக்கு அவர் கற்றுக்கொடுத்த முதல் சொல் வான்டோக். ஒரே பேச்சுக்காரன் என்று அர்த்தம், டோக் பிசினில். வான்டோக் என்றால் சோறு போட வேண்டும், படுக்க இடம் தர வேண்டும், கஷ்டம் வந்தால் கூட நிற்க வேண்டும். நாம் துபாயில், கொழும்பில் "நம்ம ஊர்ப் பையன்" என்று சொன்னால் கிடைக்கிற அத்தனையும் அதில் இருக்கிறது, ஆனால் அங்கே உறவை ஊரால் அளப்பதில்லை, மொழியால் அளக்கிறார்கள். தாய்மொழிக்கு டோக் பிளேஸ் என்று பெயர், இடத்தின் பேச்சு.

அவர் தன் அம்மாவிடம் டோக் பிளேஸ் பேசுவாராம். பெண்டாட்டி வேறு மொழிக்காரி, வீட்டில் டோக் பிசின். பிள்ளைகளிடம் அவர் போய்கினில் கேட்டால் பிள்ளைகள் டோக் பிசினில் பதில் சொல்வார்களாம். "அவங்களுக்கு விளங்குது, ஆனா வாயில வரல" என்று சொன்னாராம். மச்சான் இதை எனக்கு ஒரு தகவலாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

30,000 பேர் என்ற எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருக்க முடியாது என்று அப்போதுதான் பட்டது. மொழி பேசுகிறவர் செத்துத்தான் மொழி போகும் என்று நினைத்திருந்தேன். அதற்கு ரொம்ப முன்னாலேயே, பிள்ளைக்குப் புரிந்தும் பதில் வேறு மொழியில் வருகிற அந்த இடத்திலேயே அது போகத் தொடங்கிவிடுகிறது, வீட்டுக்குள் சண்டை இல்லை, சத்தம் இல்லை, யாரும் யாரையும் தடுக்கவும் இல்லை. பப்புவா நியூ கினியில் தொண்ணூறுகளில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள், சின்ன வகுப்புகளை ஊர்மொழியிலேயே நடத்தலாம் என்று கொண்டுவந்தார்கள், நூற்றுக்கணக்கான மொழிகளில் பாடம் நடந்தது. 2013 வாக்கில் அதை மாற்றி ஆரம்பத்திலிருந்தே ஆங்கிலம் என்றாக்கினார்கள். பெற்றோர்களே ஆங்கிலம் கேட்டார்கள் என்பதும் உண்மை, அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் ஊரில் யார் வேறு மாதிரி செய்கிறார்கள்?

எழுத்து என்று எடுத்தால் போய்கினுக்குச் சொந்த எழுத்து கிடையாது, கத்தோலிக்கப் பாதிரியார்களும் மொழியியலாளர்களும் ரோமன் எழுத்தில் எழுதினார்கள். தீவுக்காரர் உச்சரிப்பில் எழுதுவதா, யாங்கோரு உச்சரிப்பில் எழுதுவதா, எதை எழுதினாலும் ஒரு பக்கம் அந்நியமாகிவிடும். எழுத்து இல்லாததால் மொழி குறைந்தது என்று யாராவது சொன்னால் நான் என் உம்மாவின் உம்மாவைத்தான் நினைப்பேன். அவர்களுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது, ஆனால் தமிழில் கடிதம் எழுதுவார்கள், அரபு எழுத்தில். அரபுத்தமிழ். ட, ப, ங மாதிரி அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிக் கூட்டி எழுத்துகளை உண்டாக்கி வைத்திருந்தார்கள் எங்கள் கரையின் ஆலிம்கள். அரசாங்கக் கணக்கில் என் உம்மாவின் உம்மா எழுத்தறிவில்லாதவர்கள். கொழும்பில் இருந்த கணவருக்கு அவர்கள் எழுதின கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன, இன்று எங்கள் வீட்டில் அதை வேகமாக வாசிக்க ஆளில்லை.

தமிழுக்கு ஆபத்து என்று நான் சொல்ல வரவில்லை. எட்டு கோடிப் பேர் பேசுகிற மொழியை யாங்கோருவோடு ஒப்பிட்டால் அது அவர்களுக்குச் செய்கிற அநியாயம். ஆனால் தமிழுக்குள்ளே நம் கரையின் பேச்சு இருக்கிறதே, அதற்கு அவர்கள் நிலைமைதான்.

ஆறாவது படிக்கும்போது கட்டுரை நோட்டில் "என் வாப்பா பாட்டுக்குப் போயிருக்கிறார்கள்" என்று எழுதினேன். கடல்கரையில் பாடு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும், கடலுக்குப் போய்க் கிடைப்பது பாடு, "இன்னைக்குப் பாடு எப்படி" என்றுதான் ஒருத்தரை ஒருத்தர் கேட்போம். ஆசிரியர் வெளியூர்க்காரர். "உன் அப்பா என்ன பாட்டுப் பாடுவார்?" என்று வகுப்பில் எழுப்பிக் கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள், அதில் பாதிப் பேர் வீட்டிலும் அன்றைக்குப் பாட்டுக்குத்தான் போயிருந்தார்கள். அந்தச் சொல்லைச் சிவப்பு மையில் அடித்து "மீன்பிடித் தொழில்" என்று எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் நான் எங்கேயும் "பாடு" என்று எழுதவில்லை, கொஞ்ச நாளில் பேசுவதும் நின்றது. வாப்பா என்னிடம் கேட்பார்கள், "மத்தவங்களுக்குப் பாடு இருந்துச்சாடா?" நான் சொல்வேன், "மீன் கிடைச்சிருக்காம்." வேவாக்கில் அந்தப் பிள்ளைகள் செய்வதை நான் கீழக்கரையில் முப்பது வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

அதனால் ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். தினமும் சாயங்காலம் வாப்பாவை உட்கார வைத்து போனில் பதிவு செய்கிறேன். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்று நாலும் எனக்கே தெரியும். ஆனால் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தக் காற்றில் எந்தப் பக்கம் திரும்பும், கீழக்கரைக்கு எதிரே உள்ள அப்பா தீவுக்கு வெளியே எந்த இடத்தில் மணல், எந்த இடத்தில் சேறு, சங்கு மணலுக்குள் ஊர்ந்துபோன தடத்தை மேலிருந்து எப்படிப் பார்ப்பது, இதெல்லாம் எனக்குத் தெரியாது, அவர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வருகிறது, சில சொற்களுக்கு என்னால் உடனே எழுத்துக்கூட்டக் கூட முடியவில்லை. சிப்பிக்கு ஏன் முகம் என்ற கேள்விக்கும் மச்சான் பதில் கேட்டு அனுப்பினார். அந்த ஆள் சிரித்துவிட்டு, தன் தாத்தாவுக்குத் தெரியும், அதைச் சொல்ல டோக் பிளேஸில்தான் சரியான சொல் உண்டு, டோக் பிசினில் சொன்னால் வெறும் பொம்மை ஆகிவிடும் என்றாராம். வாப்பா அதைக் கேட்டுவிட்டு, "சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றார்கள்.

நேற்று கடலுக்கடியில் உள்ள பார்களின், அதாவது பாறைத் திட்டுகளின், பெயர்களைக் கேட்டேன். கரையிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்கள், ஒவ்வொன்றிலும் யார் குளித்தார்கள், எந்த வருஷம் நல்ல பாடு, எங்கே யாருடைய கயிறு அறுந்தது என்று. பதினொன்றாவது பெயரில் வந்து நின்று, கண்ணை மூடி யோசித்து, "இதுக்கடுத்து ஒண்ணு இருக்கு, நாக்குல நிக்கிது, வர மாட்டேங்குது" என்றார்கள். பாங்கு சொல்கிற சத்தம் கேட்டது. "நிறுத்துடா, மஃரிபுக்கு நேரமாச்சு. நாளைக்குச் சொல்றேன், ஞாபகப்படுத்து."